மணற்கேணியும் பாறைக்கிணறும்: பெங்களூர் வட்டார நிலத்தடி நீரின் வரலாறு

கல்வியின் பெருக்கத்திற்கு உவமை தேடிய திருவள்ளுவர் மணற்கேணியைக் கண்டார். தோண்டுந்தோறும் நீர் சுரப்பது மணலின் இயல்பு. காவிரியும் வைகையும் தண்பொருநையும் பரப்பிய மணலை அறிந்த தமிழ் மக்களுக்கு அவ்வுவமையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. கோடையில் ஆறு வறண்ட போதும் மணலைக் கையால் அகழ்ந்து ஊற்றுநீரை முகந்து குடித்த வாழ்வு நம் முன்னோருடையது. ஆயின், பிழைப்பை நாடி நாம் குடியேறி வாழும் இந்தப் பெங்களூர் மணலின்மேல் அமைந்த ஊரன்று. பாறையின்மேல் அமைந்த ஊர். மணலுக்குரிய விதி பாறைக்குப் பொருந்தாது. பாறையில் ஆழ்ந்து செல்லச் செல்ல நீர் பெருகும் என்னும் உறுதி இல்லை. பெருகினாலும், அது மேல்மட்டத்து நீரைப்போல் நன்னீராக இருக்கும் என்னும் உறுதியும் இல்லை.

இவ்வூரில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பத் தலைவர் கேட்கும் முதற்கேள்வி, "காவேரித் தண்ணீரா, போர் தண்ணீரா?" என்பதாகும். இரண்டும் உண்டு என்று வீட்டுக்காரர் சொன்னால் மனம் நிறைவடைகிறது. போர் தண்ணீர் மட்டுமே என்றால், வாடகையில் சற்றுக் குறைத்துக் கேட்கிறோம். நீரின் தரம் வாடகைக் கணக்கில் ஏறிவிட்டது. ஆனால் அந்நீரில் என்ன கரைந்திருக்கிறது, எப்போது கரைந்தது, யாரால் கரைந்தது என்று கேட்பவர் அரியர். அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறையின் முதுமை

லால்பாக் பூங்காவிற்குச் செல்வோர், கெம்பேகவுடர் பெயரால் வழங்கும் கோபுரம் நிற்கும் குன்றின்மீது ஏறி நகரின் எழிலைக் கண்டு மகிழ்வர். காலடியில் கிடக்கும் கல்லைக் குனிந்து நோக்குவார் சிலரே. அக்கல்லின் அகவை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. மைசூர் அரசு 1894ஆம் ஆண்டில் தனக்கெனப் புவியியல் துறையொன்றை நிறுவியபோது, அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பேரறிஞரும் இவரே. அத்துறையில் பணியாற்றிய ஸ்மீத் என்பார், 1916இல் இப்பாறைத் தொகுதிக்குத் 'தீபகற்ப நைஸ்' என்னும் பெயரை வழங்கினார்.

இப்பாறைத் தொகுதி பெங்களூரோடு நின்றுவிடவில்லை. கிழக்கே கோலார், வடமேற்கே துமகூரு எனப் பரந்து, தெற்கே ஓசூர், கிருட்டிணகிரி, தருமபுரி என்று தமிழகத்தினுள்ளும் தொடர்கிறது. மாநில எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு, பாறையில் இல்லை. இவ்வூர்த் தமிழருள் பலர் தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம், வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஊரை விட்டு வந்தார்களே தவிர, தங்கள் ஊர்க் கல்லை விட்டு வந்தாரில்லை.

மணலில் ஒவ்வொரு மணிக்கும் இடையே நீர் தங்க இடமுண்டு. இப்பாறையிலோ அத்தகைய இடம் இல்லை. மேலே செம்மண்ணும், அதன்கீழ் வெயிலாலும் மழையாலும் மக்கிய பாறையும் ஒரு போர்வைபோல் மூடிக் கிடக்கின்றன. சில இடங்களில் அப்போர்வையின் கனம் 30 அடி. சில இடங்களில் 100 அடிக்கும் மேல். மழைநீர் முதலில் தங்குவது இங்கேதான். இதற்குக் கீழே உள்ள கெட்டிப் பாறையில், பிளவுகளும் வெடிப்புகளும் உள்ள இடங்களில் மட்டுமே நீர் ஓடும். ஒரு வீட்டில் 300 அடியில் நீர் கிடைக்க, அடுத்த வீட்டில் 1,000 அடியிலும் புழுதியே பறப்பதற்குக் காரணம் இதுவேயன்றி, ஒருவர் செய்த புண்ணியமோ மற்றவர் செய்த பாவமோ அன்று.

மேற்போர்வையில் நிற்கும் நீர் அண்மையில் பெய்த மழையின் நீர். அது கல்லோடு பழகிய காலம் குறைவு. ஆகவே அதில் கரைந்துள்ள உப்புகளும் பொதுவாகக் குறைவு. ஆழப் பிளவுகளில் கிடக்கும் நீரோ நெடுங்காலம் அங்கேயே தங்கியது. கல்லோடு உறவாடிய காலத்திற்கேற்ப, சுண்ணம், மெக்னீசியம், சோடியம், புளோரைடு முதலியவற்றை அது தன்னுள் கரைத்துக்கொள்கிறது. ஆழமும் காலமும் நீரின் குணத்தை மாற்றும் என்னும் இந்த ஒரு செய்தியை மனத்திற்கொண்டு வரலாற்றினுள் நுழைவோம்.

கல்வெட்டில் ஏரிகள்

பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது. மேட்டின் மேற்கே விழும் மழை, விருசபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேரும். கிழக்கே விழும் மழை, இங்கே தட்சிண பினாகினி என்றும் நம் நாட்டில் தென்பெண்ணை என்றும் வழங்கும் ஆற்றைச் சேரும். ஊருக்குள் பேராறு எதுவும் இல்லை. அப்படியாயின் இவ்வூர் எவ்வாறு வாழ்ந்தது? ஏரிகளால் வாழ்ந்தது.

பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, கி.பி. 890 அளவினதாகக் கருதப்படும் பழங்கன்னட வீரக்கல், பெங்களூரில் நிகழ்ந்த போர் ஒன்றைக் குறிக்கிறது. இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய மிகப் பழைய சான்று அதுவே. மடிவாளாவிலுள்ள சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டொன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின்கீழ் இருந்த நிலம் கோயிலுக்குத் தானமாக வழங்கப்பட்டதைப் பேசுகிறது. இன்று தொம்ளூர் என வழங்கும் ஊரின் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டில் விண்ணமங்கலத்து ஏரி இடம்பெறுகிறது. தமிழர் இவ்வூருக்கு நேற்று வந்தவரல்லர் என்பதற்கு இக்கல்வெட்டுகளைச் சான்று காட்டுவது நம் வழக்கம். அவற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. நிலத்தின் அடையாளத்தை ஏரியைக்கொண்டே சொன்னார்கள். ஏரி இல்லாவிடில் நிலத்திற்கு மதிப்பில்லை.

1537ஆம் ஆண்டில் கோட்டையும் பேட்டையும் அமைத்த கெம்பேகவுடர் மரபினர் காலத்தில் தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி முதலிய ஏரிகள் நகருக்கு நீர் வழங்கின. 1809இல் ஆங்கிலேயர் அல்சூர்ப் பக்கத்தில் படைப்பாளையம் அமைத்தபோது, அதனோடு தமிழ்க் குடும்பங்கள் பெருவாரியாக வந்து குடியேறின. 1882இல் சாங்கி என்னும் பொறியியல் அதிகாரி, மல்லேசுவரத்தின் அருகே இன்றும் தம் பெயரால் வழங்கும் ஏரியை அமைத்தார்.

ஏரி என்பது கண்ணுக்குத் தெரியும் நீர் மட்டுமன்று. அதன் அடியிலும் கரையிலும் கசியும் நீர், மக்கிய பாறைப் போர்வையை நிரப்பி, சுற்றுப்புறக் கிணறுகளில் ஊறும். ஏரி நிரம்பினால் கிணறு நிரம்பும். ஆண்டுதோறும் புதிய மழைநீர் பழைய நீரோடு கலந்து உப்பின் செறிவைத் தணிக்கும். மண் ஒட்டர் எனப்படும் கிணறு வெட்டும் மக்கள், 20 அடி, 40 அடி ஆழத்திலேயே நீர் கண்டு உறை இறக்கியது இதனால்தான். அவர்கள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்தவரல்லர். மண்ணின் நிறமும் ஈரமும் அவர்களுக்குப் பாடநூலாயின.

நாவும் பானையும் கண்ட வேதியியல்

நீரின் தரத்தை அளக்கும் கருவிகள் வருமுன்னரே நம் மக்கள் நீரை வகைப்படுத்தி அறிந்திருந்தனர். ஊர்தோறும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும், உப்புத் தண்ணீர்க் கிணறு ஒன்றும் இருந்தன. முன்னது குடிக்க, பின்னது குளிக்கவும் துவைக்கவும் மாட்டைக் கழுவவும். இந்தப் பாகுபாடு எவர் ஆணையாலும் வந்ததன்று; நாவின் தீர்ப்பால் வந்தது.

அடுப்படியில் நிற்கும் பெண்கள் இன்னும் நுட்பமாக அறிந்தனர். பருப்பு வேகாத தண்ணீர் என்றார்கள். சவுக்காரம் நுரைக்காத தண்ணீர் என்றார்கள். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும் தண்ணீர் என்றார்கள். இம்மூன்றும் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்த கடினநீரின் அடையாளங்கள். நீரைக் கொதிக்க வைக்கும்போது, பைகார்பனேட்டாக இருந்த சுண்ணம் கார்பனேட்டாகிப் பானையில் படிகிறது. ஆகவே அந்நீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளிவிறுத்தால் கடினம் ஓரளவு நீங்கும். கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தனர். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில், நிலத்தடி நீரைக் காணும் வழிகளுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். புற்றும் மரமும் மண்ணும் கொண்டு நீரோட்டம் அறிவதையும், கெட்ட சுவையுள்ள கிணற்று நீரைத் திருத்தும் சரக்குகளையும் அதில் கூறியுள்ளார்.

இவ்வறிவு அனைத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. நாவால் அறியக்கூடியதை மட்டுமே அது அறிந்தது. நாவுக்குத் தெரியாமல் நீரில் கரைந்து நிற்கும் பொருள்களும் உண்டு. மேல்மட்டத்து நீரைக் குடித்து வந்தவரை அப்பொருள்களால் வந்த கேடு பெரும்பாலான ஊர்களில் சிறிது. ஆழத்து நீரைத் தொட்டபோது நாவின் காவல் போதாதாயிற்று.

குழாயும் துளையும்

1896ஆம் ஆண்டில் பெங்களூரின் நீர் வரலாறு திசை திரும்பியது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றி மைசூரின் திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயர் காலத்தில், அர்க்காவதியின்மேல் உள்ள எசரகட்டா ஏரியிலிருந்து குழாய் வழியாக நகருக்கு நீர் வந்தது. கொள்ளைநோய்களுக்கு அஞ்சிய அக்கால மக்களுக்கு வடிகட்டிய குழாய்நீர் பெரும் வரமாகும். பின்னர் 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும், 1974இல் காவிரி முதற்கட்டத் திட்டமும் வந்தன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு, காவிரி நம் வீட்டுக் குழாயில் விழுகிறது. அத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது.

குழாய் வந்ததும் ஏரி தேவையற்றதாகத் தோன்றியது. தர்மாம்புதி ஏரியின் படுகை பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. ஊரிலிருந்து வரும் நம் உறவினரை வரவேற்க நாம் காத்து நிற்கும் மெஜஸ்டிக் நிலையம், ஒரு காலத்தில் நகரமே நீர் முகந்த இடம் என்பது எண்ணத்தக்கது. ஏரி போனபின் கிணறு வறண்டது. வறண்ட கிணறு குப்பைக்குழியாயிற்று. குழாய்நீர் சென்றெட்டாத புதிய குடியிருப்புகள் நகரைச் சுற்றி முளைத்தபோது, மக்களுக்கு எஞ்சிய வழி ஒன்றே: துளை.

துளைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1966-67இல் பீகாரில் கொடிய வறட்சி நிலவியது. அக்காலத்தில், கெட்டிப் பாறையைக் காற்றழுத்தத்தால் விரைந்து துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் நிறுவனம் இந்தியாவிற்குக் கொண்டுவந்தது. பின்னர், கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்க்கப்பட்டு, சென்னையில் பெருமளவில் செய்யப்பட்ட 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு நாடெங்கும் பரவியது. நம் திருச்செங்கோடு இத்தொழிலின் தலைநகராயிற்று. அவ்வூரின் ரிக் வண்டிகள் காணாத மாநிலம் அரிது. பெங்களூரின் புறநகர்களில் இரவு முழுதும் பாறையைப் பிளக்கும் ஓசையினிடையே கேட்கும் பேச்சுப் பெரும்பாலும் கொங்குத் தமிழாகும்.

துளைக்கிணற்றைப் பழிப்பது மட்டும் நடுவுநிலைமை ஆகாது. திறந்த குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் பரவிய நரம்புச் சிலந்தி நோய், இந்தியாவில் 1996இல் கடைசியாகக் காணப்பட்டு ஒழிந்தது. 2000ஆம் ஆண்டில் உலக நல நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. அவ்வெற்றியில் கைப்பம்பிற்கும் பங்குண்டு. வாந்திபேதியால் குழந்தைகள் மடிவது குறைந்ததிலும் அதற்குப் பங்குண்டு. கிருமியற்ற நீர் நல்ல நீர் என்று அக்காலத்தார் எண்ணியது இயல்பே. கிருமி இல்லாத நீரிலும் கேடு இருக்கலாம் என்பதைப் பற்கள் உணர்த்தின.

பல்லில் எழுதிய எழுத்து

1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் மருத்துவம் செய்யத் தொடங்கிய மக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூரில் பிறந்து வளர்ந்தோரின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கண்டார். வெளியூரிலிருந்து வளர்ந்தபின் வந்தோருக்கு அக்கறை இல்லை. முப்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப்பின் 1931இல், சர்ச்சில் என்னும் வேதியியல் அறிஞர், குடிநீரில் கரைந்த புளோரைடே காரணம் என்று கண்டார்.

அவ்வாண்டுகளில் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உழவர்கள் வேறொன்றைக் கண்டனர். உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க இயலாமல் தவித்தன. மனிதர்க்கும் முதுகு வளைந்து விறைத்தது. சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த ஷார்ட், அவரோடு பணியாற்றிய பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் ஆராய்ந்து, 1937இல் இந்நோயைப் புளோரைடு நோயென்று உலகுக்கு அறிவித்தனர். இந்தியாவில் இந்நோய் மருத்துவ நூல்களில் ஏறியது இவ்வாறே. ஆழ்துளை வருமுன்பே நிகழ்ந்தது இது. சில இடங்களில் கல்லின் இயல்பால் மேல்மட்டத்து நீரும் கேடுற்றிருந்தது என்பதை இதனால் அறிகிறோம். ஆழ்துளையோ அச்சில இடங்களைப் பல இடங்களாக்கியது.

புளோரைடு கருங்கல்லில் உள்ள அப்பிரகம், அப்பட்டைட்டு, புளோரைட்டு முதலிய கனிமங்களிலிருந்து கரைகிறது. ஈண்டு ஒரு வியப்பைக் காண்கிறோம். நீரில் கால்சியம் மிகுந்திருந்தால், அது புளோரைடைப் பற்றிப் படியச் செய்துவிடும். வறண்ட நிலங்களில் கால்சியம் சுக்கான்கல்லாகப் படிந்து நீரை விட்டு நீங்கிவிட, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் புளோரைடு தடையின்றி ஏறுகிறது. ஆகவே, பருப்பு நன்றாக வேகும் நீர், சவுக்காரம் நன்றாக நுரைக்கும் நீர், புளோரைடு மிகுந்ததாக இருக்கக்கூடும். அடுப்படி அறிவு இங்கே நம்மைக் கைவிடுகிறது. காய்ச்சுவதும் உதவாது, நீர் ஆவியாகப் போக, புளோரைடு பின்தங்கிச் செறிவு கூடவே செய்யும்.

இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர் விதி, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. இதற்கு மேற்பட்டால் முதலில் கெடுவது பல். மேலும் மிகுந்து பல்லாண்டு தொடர்ந்தால் எலும்பு. பல்லின் கறை, நிலையான பற்கள் உருவாகும் குழந்தைப் பருவத்தில், ஏறக்குறைய எட்டு வயதிற்குள், விழுவது. அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும், எவ்வளவு நல்ல நீர் குடித்தாலும், கறை மாறாது. ஒருவர் எந்த மண்ணின் நீரைக் குடித்து வளர்ந்தார் என்பதைப் பல்லே சொல்லிவிடுகிறது.

பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்து இந்நகரின் கட்டடங்களிலும் ஆலைகளிலும் உழைக்கும் நம் மக்களிடையே இக்கறையைக் கண்டிருக்கிறோம். அதனைப் புகையிலைக் கறை என்று எண்ணி ஏளனம் செய்தோர் உண்டு. பெண் பார்க்க வந்தோர் அதனைக் காரணங்காட்டித் திரும்பிச் சென்றதும் உண்டு. குடித்த நீருக்காக ஒரு பெண் தலைகுனிந்து நிற்பது என்ன நீதி? அக்கறை அவள் ஒழுக்கத்தின் குறையன்று. அவள் பிறந்த மண்ணின் கல்வெட்டு.

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் காவிரிநீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முழுப்பெயரிலேயே புளோரைடு நோய்த் தணிப்பு என்னும் சொல் இடம்பெற்றிருக்கிறது. 2008இல் அதனைக் குறித்து இரு மாநிலங்களிடையே எழுந்த பூசலை நாம் மறக்கவில்லை. ஆயினும் எல்லைக்கு இப்புறத்தில் கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களிலும், துமகூருவின் பாவகடாவிலும் கன்னடக் குழந்தைகளின் பற்களில் இதே எழுத்து எழுதப்பட்டிருக்கிறது. கோலார்ப் பகுதியில் துளைகள் 1,000 அடியையும் கடந்து சென்றன. அண்மை ஆண்டுகளில் கிழக்குக் கர்நாடகச் சிற்றூர்கள் பலவற்றின் ஆழ்துளை நீரில் யுரேனியமும் வரம்பை மீறிக் காணப்பட்டது. அது தொழிற்சாலை கலந்ததன்று. அதே பழங்கல் தந்தது.

நாம் கலந்தவை

இதுகாறும் கல் கரைத்தவற்றைக் கண்டோம். நகரத்தின் மேல்மட்டத்து நீரில் இருப்பவையோ பெரும்பாலும் நாமே கரைத்தவை. கழிவுநீர்க் குழாய் ஒழுகியும், மலக்குழி கசிந்தும் மண்ணிற்குள் இறங்கும் பொருள் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரைச் சேர்கிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாது என்பது இந்திய விதி. இதற்கு எவ்விதத் தளர்வும் இல்லை. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் காம்லி என்னும் மருத்துவர், கிணற்றுநீரில் கரைத்த பாலைக் குடித்த கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாய்வதைக் கண்டு, நைட்ரேட்டின் கேட்டை வெளிப்படுத்தினார். பெங்களூரின் பல பகுதிக் கிணறுகளில் இவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை அரசுத் துறைகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பீன்யா தொழிற்பேட்டைப் பகுதி நிலத்தடி நீரில், உலோகப் பூச்சுத் தொழிலின் எச்சமான குரோமியமும் கண்டறியப்பட்டது.

இவ்வாறு நம் நிலை இருதலைக்கொள்ளி எறும்பாயிற்று. மேலே சென்றால் நாம் கலந்த நைட்ரேட்டு. கீழே சென்றால் கல் கரைத்த புளோரைடு. 2024 மார்ச்சில், நகரின் அரசுத் துளைக்கிணறுகள் ஏறத்தாழ 14,000 என்றும், அவற்றுள் பாதியளவு வறண்டன என்றும் மாநில அரசே அறிவித்தபோது, கீழே செல்லும் வழியும் அடைபட்டு வருவதை யாவரும் உணர்ந்தோம்.

எல்லை அறியாத நீர்

காவிரியிலிருந்து மேலேற்றப்படும் நீர், நம் வீடுகளில் பயன்பட்டுக் கழிவாகி எங்கே செல்கிறது? ஒரு பகுதி விருசபாவதி வழியாக அர்க்காவதியை அடைந்து மீண்டும் காவிரியில் கலக்கிறது. மற்றொரு பகுதி பெலந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கிறது. பெலந்தூர் ஏரி 2015லும் 2017லும் தீப்பற்றி எரிந்ததை உலகம் கண்டது. அந்நுரையின் தொடர்ச்சியைக் கெலவரப்பள்ளி உழவர்கள் தம் வாய்க்காலில் கண்டனர். இங்கே நாம் கழுவி ஊற்றுவது அங்கே நம் உறவினர் வயலில் பாய்கிறது.

இக்கழிவையே செல்வமாக்கும் முயற்சியும் தோன்றியது. கோரமங்கலா-செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைத் துப்புரவு செய்து, கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018இல் தொடங்கியது. நெடுங்காலம் வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின. கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. இரண்டு கட்டத் துப்புரவு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று கோலார் மக்கள் கேட்பது நியாயமே. நீரைத் திருப்பித் தருவோர், தாம் குடிக்க விரும்பும் தரத்தில் தருவதன்றோ அறம்?

செய்யத்தக்கவை

படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு புளோரைடை நீக்கும் 'நல்கொண்டா முறை'யை நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கித் தந்தது. இன்று வீடுகளில் உள்ள சவ்வு வடிகட்டிகளும் புளோரைடையும் நைட்ரேட்டையும் பெருமளவு நீக்குகின்றன. ஆயினும் அவை நீரில் ஒரு பெரும்பங்கைக் கழிவாக வெளியேற்றுகின்றன. இவை நோய்க்கு மருந்து. நோயின் காரணத்தை நீக்குவது வேறு.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பெங்களூரில் ஆண்டிற்கு ஏறத்தாழ 970 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,200 சதுர அடி மாடியின்மேல் ஓராண்டில் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டருக்கும் அதிகம். நால்வர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் கொண்டால், ஆண்டிற்கு 7,300 லிட்டர் போதும். விழுந்த மழையில் பதினான்கில் ஒரு பங்கும் ஆகவில்லை. அம்மழையில் புளோரைடு இல்லை எனத்தகும். அதில் கடினமும் இல்லை. எஞ்சியதைக் கசிவுக் கிணற்றில் இறக்கினால், மக்கிய பாறைப் போர்வை மீண்டும் நிரம்பும். உப்பின் செறிவு தணியும். தமிழகம் 2003லும் பெங்களூர் 2009லும் மழைநீர்ச் சேமிப்பைச் சட்டமாக்கின. சட்டத்திற்கு அஞ்சிக் குழாயைப் பொருத்திவிட்டு, அதனைக் குப்பையால் அடைபட விட்டவர் வீடுகள் நம் தெருக்களில் எத்தனை!

ஆகவே இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். வீட்டுத் துளைக்கிணற்று நீரைக் குடிக்கும் வழக்கம் இருந்தால், ஆய்வுக்கூடத்தில் ஒருமுறையேனும் சோதித்துப் புளோரைடு, நைட்ரேட்டு, மொத்தக் கரைபொருள் அளவுகளை எழுதி வையுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இதனை ஒத்திப்போட வேண்டா. சொந்த வீடு கட்டுவோர், ரிக் வண்டிக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை மழைத்தொட்டிக்கும் கசிவுக் கிணற்றுக்கும் முதலில் ஒதுக்குங்கள். உங்கள் பகுதி ஏரியைக் காக்கக் கன்னட நண்பர்கள் கூடும்போது, நமக்கென்ன என்று ஒதுங்காமல் உடன் நில்லுங்கள். வெங்களூர் ஏரியின் பெயரைக் கல்லில் பொறித்த தமிழுக்கு அந்த உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

மணற்கேணி, தோண்டுவோர்க்குத் தந்துகொண்டே இருந்தது. பாறைக்கிணறு நாம் முதலில் இட்டால்தான் பின்னர் தரும். இதனை அறிந்து மழையை இட்டு வைப்போமாயின், நம் பேரக் குழந்தைகளின் பற்கள் வெண்மையாகவே ஒளிரும்.